உபரிக் கால்கள்

1

பனி பெய்வதைப் பற்றி எழுது, ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றி எழுது என்று நீலகிரிப் பந்தலூரில் இருந்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். ரயில் இங்கேயும் நேரத்துக்கு வருவதில்லை. பனியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வழுக்கும், அவ்வளவுதான். நான் இன்று எழுத உட்கார்ந்தது கோபத்தில். போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்த கோபம் இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஆறவில்லை. யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருக்கிறது.

வட ஜெர்மனியில் ஒரு நடுத்தர நகரம். அங்கே ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில் எட்டு வருடமாகக் காவல் வேலை பார்க்கிறேன். கறுப்புக் கோட்டு, கழுத்தில் அட்டை, இடுப்பில் வாக்கிடாக்கி. நான்காம் அறை என் பொறுப்பு. யாராவது படத்தைத் தொடப்போனால் தடுக்க வேண்டும். கழிப்பறை எங்கே என்று கேட்டால் வழி காட்ட வேண்டும். படத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது, அது படித்தவர்களின் வேலை.

நான்காம் அறையின் கிழக்குச் சுவர் முழுக்க ஒரே படம். 'ஐந்தரை மணி, ஆலைத் தெரு' என்று பெயர். வரைந்து நூறு வருடம் ஆகிறதாம். எக்ஸ்பிரஷனிசம் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரையாமல் மனசுக்குள் எரிவதை நிறமாகக் கொட்டுவது என்று வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாகிவிட்டது. வானம் செங்கல் சிவப்பு. இரண்டு பக்கத்து வீடுகளும் தெருவின் மேல் சரிந்து விழப் பார்க்கின்றன. ஒரு மஞ்சள் டிராம் கூட்டத்தைப் பின்னால் இருந்து முட்டிக்கொண்டு வருகிறது. வேலை விட்ட ஆண்களும் பெண்களும் நம்மைப் பார்த்து நடந்து வருகிறார்கள். முகமெல்லாம் பச்சை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. ஓவியரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் பெயரைச் சொல்ல ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் படத்துக்குப் பக்கத்தில் இருந்த விளக்க அட்டையை மாற்றியிருந்தார்கள். புது அட்டையில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முன்வரிசையில் மனிதர்கள் பதினொருவர், கால்களோ பன்னிரண்டு இணை. இந்த உபரிக் கால்கள் நவீன நகரத்தின் வேகத்தைக் காட்டும் துணிச்சலான உத்தி."

படித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். உபரிக் கால்களாம். உத்தியாம். நூறு வருடமாக ஒருத்தர் கண்ணிலும் படாத அந்தக் கால்களைப் பார்த்தவள் பந்தலூருக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிக்கும் என் அக்கா சரோஜா. பார்த்ததற்கு இதே அருங்காட்சியகம் அவளுக்கு என்ன கொடுத்தது தெரியுமா? உள்ளே நுழையக் கூடாது என்று ஒரு வருடத் தடை.

2

அக்கா போன கோடையில் வந்தாள். அவளை இங்கே வரவழைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. என் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வீட்டின் அளவு, அவளுக்கு இன்சூரன்ஸ் என்று ஒன்று விடாமல் அனுப்பினேன். பிறகு சென்னைக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். கூடலூரில் பஸ் ஏறி, ஊட்டி இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ரயில் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

நிலம் இருக்கிறதா? இல்லை. சொந்த வீடு? இல்லை, எஸ்டேட் லைன் வீடு. நிரந்தர வேலை? இல்லை, இத்தனை வருடத்துக்குப் பிறகும் தற்காலிகம். எங்கள் அம்மா அப்பாவை இலங்கைத் தோட்டத்தில் இருந்து கப்பல் ஏற்றி அனுப்பியபோதும் இப்படித்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டிருப்பார்கள். அப்போது, திரும்பி வரமாட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு இந்த ஆதாரத் தொல்லை மட்டும் விட்டபாடில்லை.

அக்கா என்ன சொன்னாள் என்பதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். "அங்க பதிமூணு பொம்பளைங்க எங் கணக்குல இருக்காங்கய்யா. சாயங்காலம் மலைய விட்டு எறங்கையில எண்ணி எறக்குறது நாந்தான். நான் போகாம யாரு எண்ணுவா?" அவருக்கு என்ன புரிந்ததோ, விசா கொடுத்துவிட்டார். தொண்ணூறு நாள்.

எண்ணி இறக்குவது என்றால் என்னவென்று ஊட்டிக்குச் சுற்றுலா வந்து பைக்காராவில் படகு விட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தேயிலைப் பாக்கெட்டில் சிரிக்கிற பொம்பளை. இங்கேயும் நீலகிரி என்று சொன்னால் போதும், "ஆகா, எவ்வளவு அமைதியான இடம்!" என்கிறார்கள். அமைதிதான். மழைக்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்து வரிசையில் நிற்கிற ஆள் தெரியாது. யானை வருகிற வழி எங்கள் தோட்டத்துக்கு நடுவில் போகிறது. யானைக்கு அது தாத்தா காலத்து வழி. அதனால் வேலை விட்டதும் பொம்பளைகள் தனித்தனியாக இறங்க மாட்டார்கள். பாதை வளைகிற இடத்தில் ஒருத்தி நின்று எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் எல்லாரும் அங்கிருந்து நகர்வார்கள். எங்கள் கூட்டத்தில் எண்ணுகிறவள் அக்கா.

3

அக்கா வந்து ஏழாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. என் மகள் அனுஷா அவளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அனுஷாவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். பெரியம்மாவின் சேலைக்கு மேல் என் குளிர்கோட்டைப் போட்டு, காலுக்குத் தன் விளையாட்டுச் சப்பாத்தை மாட்டிவிட்டு, மூன்றடி தள்ளியே நடந்து வந்தாள்.

பூக்கூடை, ஏரி, கிரீடம் வைத்த கிழவர் எல்லாவற்றையும் அக்கா சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள். நான்காம் அறைக்கு வந்ததும் நின்றாள்.

"இது வேல விட்டு வர்ற கூட்டமுல்ல?" என்றாள்.

"ஆமாக்கா. ஆலைக்காரங்க."

"பாத்தாலே தெரியுதே. கையப் பாரு, ஒடம்புல படாமத் தள்ளிப் புடிச்சிருக்காங்க. கற புடிச்ச கையி. சீல துணியில பட்டுறக் கூடாதுன்னு நாமளும் அப்பிடித்தான வருவோம்."

அப்போது அங்கே இருந்தது பழைய விளக்க அட்டை. நவீன நகரம் மனிதர்களை ஒருவருக்கொருவர் அந்நியர்களாக்கிவிட்டது, அவர்களின் விலகிய கைகளே அதற்குச் சாட்சி என்று எழுதியிருந்தது. அனுஷா அதைப் படித்துப் பெரியம்மாவுக்கு உடைந்த தமிழில் சொன்னாள்.

"அன்னியமா?" அக்கா சிரித்துவிட்டாள். "தோளும் தோளும் ஒரசிக்கிட்டு வர்றாங்க, அன்னியமாம். எழுதுன ஆளு ஒருநா வேலைக்கிப் போயிப் பாக்கட்டும்."

எட்டு வருடமாக அந்த அட்டையைக் காவல் காத்தவள் நான். எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதற்குள் அக்காவின் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. அந்த உதட்டசைவு எனக்குத் தெரியும். இடமிருந்து வலம் தலையை ஒரு தடவை, வலமிருந்து இடம் காலை ஒரு தடவை. எண்ணி முடித்தவள் முகம் மாறிவிட்டது. சட்டென்று படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலை நீட்டி, படத்தின் அடிப்பக்கத்தில் கால்களை மறுபடியும் எண்ணத் தொடங்கினாள். தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிவிட்டாள். கீச்கீச்சென்று அலாரம் அடித்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அனுஷா பக்கத்து அறைக்கு நழுவினாள், யாரோ எவரோ என்பது போல.

"ஒரு ஆளு கொறையுது புள்ள," என்றாள் அக்கா. அலாரத்தை அவள் காதில் வாங்கவே இல்லை. "தல பதினொண்ணு. காலு பன்னண்டு சோடி. ரெண்டு தடவ எண்ணிட்டேன். அந்தா பாரு, டிராமுக்குக் கீழ, செவப்புச் சப்பாத்து. எல்லாக் காலும் நம்மளப் பாத்து வருது. அது மட்டும் அங்கிட்டுத் திரும்பிப் போகுது. மேல ஆளக் காணோம். டிராம வச்சுப் பூசிட்டாங்க."

பார்த்தேன். சிவப்புக் கணுக்கால் சப்பாத்து இரண்டு, குதிகால் நம் பக்கம், விரல் பக்கம் தெருவுக்குள்ளே. ஒரு பெண்ணின் கால்கள். கூட்டத்துக்கு எதிராகத் திரும்பிப் போகிறாள். முழங்காலுக்கு மேலே மஞ்சள் பெயிண்ட்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "அன்னிக்கி நான் காலத்தான் எண்ணியிருக்கணும்," என்றாள், படத்தைப் பார்த்தபடியே.

வாசலில் மேற்பார்வையாளர் ஊர்சுலா வந்து நின்றார். நான் கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து, "தயவுசெய்து கோட்டுக்குப் பின்னால் செல்லுங்கள்" என்று ஜெர்மனில் சொன்னேன். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. தமிழில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஊர்சுலாவுக்குப் பயந்து. அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

4

அன்றைக்கு என்று அக்கா சொன்னது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஓர் ஐப்பசி மாதத்து சாயங்காலம். எனக்கு இருபத்தொரு வயது. கூட்டத்தில் பதினாலு பேர். மதியத்தில் இருந்து விடாத மழை. தலைக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட், அதற்கு மேல் கொழுந்து மூட்டை. முகமே தெரியாது. கடைசி எடுப்பு என்பதால் எல்லாருக்கும் அரை மூட்டைதான் இருந்தது.

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த புஷ்பம் அக்கா நின்றாள். "அடியே, சோத்துத் தூக்கை சில்வர் ஓக்குல மாட்டுனவ அப்பிடியே விட்டுட்டு வந்துட்டேன். இந்த மூட்டையச் சேத்துப் புடி, ஓடிப் போயி எடுத்தாந்துர்றேன். நீ போயிக்கிட்டே இரு," என்றாள். பத்து வரிசை மேலே அந்த மரம். நான் என் மூட்டையைத் தலையிலும் அவள் மூட்டையைத் தோளிலும் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

பாதை வளைவில் அக்கா நின்று எண்ணினாள். மழையில் தலை எங்கே தெரிகிறது? மூட்டையை எண்ணினாள். பதினாலு மூட்டை. "சரியா இருக்கு, நடங்க நடங்க," என்றாள். என்னிடம் இரண்டு மூட்டை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? குளிர். பசி. புஷ்பம் அக்கா பின்னாலேயே வந்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு. ஒருத்தி மூட்டையை இன்னொருத்தி சுமக்கக் கூடாது என்று எஸ்டேட்டில் உத்தரவு வேறு, சொன்னால் திட்டு விழும் என்ற பயம். ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் பதிமூன்று பேரும் அங்கேயே நின்று கத்திக் கூப்பிட்டிருப்போம்.

எடை போடும் கொட்டகைக்கு வந்த பிறகுதான் அவள் இல்லை என்று தெரிந்தது. அக்கா ஃபீல்டு ஆபீசரிடம் ஓடினாள். அவர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதைக்குக் குறைச்சலே இல்லாதவர். "ஏனுங்க, எண்ணிக்கை சரியா இருக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அவங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிருப்பாங்க. காலையில வந்துருவாங்க பாருங்க," என்றார். தேட ஆள் கொடுங்கள் என்று காலில் விழாத குறையாக அக்கா கெஞ்சினாள். இருட்டப்போகிறது, யானை நடமாட்டம் இருக்கிறது, யாரையும் மேலே அனுப்ப எனக்கு உத்தரவு இல்லை என்றார். நாங்களே தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கிளம்பினோம். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் பாதுகாப்புக்காம்!

விடிந்த பிறகு வனத்துறை ஆட்களோடு போனார்கள். யானை அடித்து மரத்தடியில் கிடந்தாள். தூக்கு அவள் கையில் இருந்தது. விடிகிற வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது என்று கூடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

எஸ்டேட் எழுதிய அறிக்கையில் புஷ்பம் என்ற பெயர் கிடையாது. 'விதியை மீறித் தனியாகத் திரும்பிச் சென்ற பெண் தொழிலாளி ஒருவர்' என்று எழுதினார்கள். தவறாக எண்ணிக்கை கொடுத்தவள் என்று அக்காவின் தலைமைப் பொறுப்பைப் பறித்தார்கள். விசாரணையில் என்னைக் கேட்டபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். மூட்டை என்னிடம் இருந்தது என்று அக்காவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அடுத்த வருடமே, இலங்கையில் ஹட்டனில் இருந்து ஜெர்மனிக்கு வந்து குடியேறிய என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு நான் விமானம் ஏறிவிட்டேன். அவள் அங்கேயே, மிச்சம் இருந்த பொம்பளைகளோடு இருந்தாள். எஸ்டேட் பொறுப்பைப் பறித்தாலும் பொம்பளைகள் அவளைத்தான் எண்ணச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் மூட்டையை எண்ணியதில்லை, தலையையும் எண்ணியதில்லை. குனிந்து காலைத்தான் எண்ணுவாள். மழை எவ்வளவு அடித்தாலும் காலை மறைக்க முடியாது என்பாள்.

5

அலாரம் அடித்த மறுநாள் ஊர்சுலா என்னைக் கூப்பிட்டுச் சம்பவப் படிவத்தைக் கொடுத்தார். சேதம்: இல்லை. நடந்த நேரம், இடம் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'என் அக்கா காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடினாள்' என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதுதான் உண்மை.

அதைப் படித்துவிட்டு ஊர்சுலா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்கள் அக்காவுக்கு மறதி நோய் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் கனிவாகவே நடந்துகொள்வோம்."

வந்ததே எனக்கு! மறதியா? எங்கள் தோட்டத்தில் எல்லாரும் மறந்துவிட்ட ஒன்றை மறக்காமல் இருப்பதுதான் அவள் நோய். படத்தில் ஒரு கால் ஜோடிக்கு ஆள் இல்லை, வந்து பாருங்கள் என்றேன். படத்தைப் பற்றிப் பேசுவது உங்கள் வேலை வரம்பில் இல்லை என்றார். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அக்காவுக்கு ஒரு வருடத் தடை. விசாவில் அவளுக்கு மிச்சம் இருந்ததே நாற்பத்தொரு நாள்!

அக்காவிடம் சொன்னால், "ஒரு வருசமா? நான் என்னா அங்க தெனைக்கும் கொழுந்து எடுக்கவா போகப்போறேன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான். "அந்தச் செவப்புச் சப்பாத்துக்காரி யாருன்னு கேட்டுச் சொல்லு புள்ள. எண்ணுனவளுக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிருது."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறதே, இன்னொன்று வந்தால் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு குளிர்காலம் முழுக்க அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

6

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கால் கணக்கு இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அன்று வழிகாட்டி ஒருவரிடம் கேட்டதும் புதிர் அவிழ்ந்தது. பக்கத்துப் பள்ளியில் ஒரு மாணவி கட்டுரை எழுதினாளாம், ஓவிய ஆசிரியை பூரித்துப்போய் அதை இங்கே அனுப்பினாராம். கெட்டிக்காரப் பெண், இந்திய முகம் என்றார் அவர்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அனுஷாவை நிறுத்தினேன். கட்டுரையைக் காட்டினாள். 'நான் கவனித்தேன்' என்று ஆரம்பித்திருந்தது. முழு மதிப்பெண்.

"நீ கவனிச்சியா? அலாரம் அடிச்சப்ப பக்கத்து ரூமுக்கு ஓடினியே, அங்கே இருந்தா கவனிச்ச?"

"அம்மா, கத்தாதீங்க."

"கத்துவேன். பெரியம்மா பேரு எங்கே?"

அதிசயமாகத் தமிழில் பதில் சொன்னாள். "பேரைப் போட்டா யாருன்னு கேப்பாங்க. இந்தியாவில தேயிலை பறிக்கிறாங்கன்னு எழுதணும். உடனே எல்லாரும் ஐயோ பாவம்னு மூஞ்சியை வச்சுப்பாங்க. எனக்கு அந்த மூஞ்சி பிடிக்கலம்மா. யாரும் காலைப் பாக்க மாட்டாங்க, பெரியம்மாவைப் பாத்துப் பாவப்படுவாங்க."

அடிக்க ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மூஞ்சியை எனக்கும் தெரியும். ஆனாலும் திருட்டு திருட்டுதானே? உட்காரச் சொல்லி, இருபத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாத மூட்டைக் கதையைச் சொன்னேன். அவள் அப்பாவுக்குக்கூட அது தெரியாது. 

"நீங்க ஏம்மா அப்பவே சொல்லல?" என்று கேட்டாள்.

"நீ சொல்லாத மாதிரிதான்."

அவள் போய்ப் படுத்துவிட்டாள். ஆனால் வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் நேராக அருங்காட்சியகத்துக்கு வந்து நின்றாள். நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலை பார்ப்பவளாக இல்லாமல் படம் பார்க்க வந்தவளாக, அவளோடு அலுவலகத்துக்குப் போனேன். ஊர்சுலாவும் ஓவியங்களுக்குப் பொறுப்பான ஆய்வாளரும் இருந்தார்கள். அனுஷா தடுமாறாமல் சொன்னாள்: கண்டுபிடித்தது நான் இல்லை, என் பெரியம்மா. நீங்கள் தடை போட்டீர்களே, அவர்தான்.

நான் இரண்டு கேட்டேன். ஒன்று, அட்டையில் என் அக்காவின் பெயர் வர வேண்டும். இரண்டு, பெயிண்டுக்கு அடியில் இருப்பதைப் பார்க்கிற கதிர்க் கருவி இவர்களிடம் இருக்கிறது, போன வருடம் ஏரிப் படத்துக்கு வைத்துப் பார்த்ததை நானே பக்கத்தில் நின்று காவல் காத்தேன். அதை இந்தப் படத்துக்கும் வைத்து, அந்தப் பெண் யார் என்று பார்க்க வேண்டும்.

ஆய்வாளர் நல்ல மனிதர் போலச் சிரித்தார். "பெண் என்று எதுவும் இல்லை, அம்மா. அது உத்தி."

"கால் இருக்கிறது. காலுக்கு மேல் ஆள் இல்லை. அது எந்த ஊரில் உத்தி?" என்றேன். என் ஜெர்மன் தாறுமாறாகப் போனது. போகட்டும். "உங்கள் வீட்டு வாசலில் உங்கள் மனைவியின் செருப்பு மட்டும் கிடந்தால் உத்தி என்று போய்த் தூங்குவீர்களா? டிராமை வைத்து ஒரு பெண்ணைப் பூசியிருக்கிறார்கள். நூறு வருடமாக யாரும் எண்ணவில்லை. எண்ணினவளை வெளியே தள்ளினீர்கள். இப்போது அவள் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு உபரி என்று எழுதுகிறீர்கள். யார் உபரி?"

ஊர்சுலா தண்ணீர் கொடுத்தார். கதிர்ச் சோதனை இந்த வருடத் திட்டத்தில் இல்லை, தற்போதைய விளக்கமே போதுமானது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். பெயர் போடலாமாம், ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அக்காவின் எழுத்து ஒப்புதல் வேண்டுமாம். மூன்று பக்கப் படிவம், அசல் கையெழுத்து, தபாலில். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்தாலும் வாங்கத் தயார் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். படிகளில் இறங்கும்போது அனுஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள், எல்லார் கண்ணுக்கும் முன்னால்.

இன்று ஞாயிறு. காலையில் எழுந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். லைன் வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும். மழைச் சத்தத்துக்கு நடுவே, "சொல்லு புள்ள, சொல்லு, கேக்குது," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, அனுஷாவின் கட்டுரை, அவள் வந்து உண்மையைச் சொன்னது, நான் போட்ட சண்டை. பெயர் போடப்போகிறார்கள், சுவரில், ஊர் உலகமெல்லாம் பார்க்கிற மாதிரி, கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றேன். விசாரணையில் நான் சொல்லாமல் விட்டதைச் சேர்த்து, இருபத்தைந்து வருடத்துக்கும் ஒரேயடியாகப் பரிகாரம் செய்துவிட்டவள் போல மூச்சு வாங்கப் பேசினேன்.

அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "எம் பேரு கெடக்கட்டும்," என்றாள். "அந்தச் சப்பாத்துக்காரியத் தேடுனாங்களா?"

"இல்லக்கா," என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அங்கயுமா?" என்றாள் அக்கா.